நீதவான் அருணாசலம்

பொன்னம்பல முதலியாரின் புதல்வர்களைப் பற்றி நம்மவரிடம் கேட்டால், சேர் இராமநாதனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாதார் இரார். கொட்டாஞ்சேனையிலிருந்து நடை தூரத்தில், கொச்சிக்கடையிலே நிற்கும் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தின் கருங்கற் தூண்கள் அவருக்கு நாள்தோறும் சாட்சி சொல்லுகின்றன. யாழ்ப்பாணத்திலே பரமேசுவராவும் இராமநாதன் கல்லூரியும் அவர் பெயரை மறக்க விடுவதில்லை. தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கோ அவ்வாறு கல்லிற் சமைந்த சாட்சிகள் குறைவு. அவர் விட்டுச் சென்றவை பெரும்பாலும் கடதாசியில் உள்ளவை: தீர்ப்புகள், பதிவேடுகள், குடிசன மதிப்பறிக்கை, ஒரு சட்டத் தொகுப்பு, சில சொற்பொழிவுகள், மொழிபெயர்ப்புகள். கடதாசியைத் தேடிச் சென்று படிப்பவர் சிலரே. ஆகையால் அவரைத் தேசிய காங்கிரசின் முதற் றலைவர் என்ற ஒரே வரியிலே அடக்கிவிட்டு நாம் அப்பாற் போய்விடுகின்றோம்.

மேடையில் நின்ற அருணாசலத்தை நம் சங்கத்து மூத்தோர் நன்கறிவர். நாம் இங்கே எழுத விரும்புவது நீதவான் இருக்கையில் இருந்த அருணாசலத்தைப் பற்றி. ஏனெனில், அறுபது வயதுக்குப் பிறகு அவர் மேடையிற் பேசியவற்றிற் பெரும்பகுதி, இருபதுகளிலும் முப்பதுகளிலும் கோட்டிலே இருந்து அவர் கண்டறிந்தது என்பது நமது எண்ணம்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தாயார் செல்லாச்சி அம்மையாரின் தந்தை ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். 1833இல் இந்நாட்டிற் சட்டநிரூபண சபை ஏற்பட்டபின் அதிலே தமிழருக்கென முதன்முதல் நியமிக்கப்பட்டவர் அவரே. செல்லாச்சி அம்மையாரின் சகோதரர் சேர் முத்துக் குமாரசுவாமி. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார் என்றால் இளைஞர்களுக்கு எளிதில் விளங்கும். இம் மாமனார் 1861இற் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். 1863இல் இலண்டன் மாநகரிலே லிங்கன்ஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திற் பாரிஸ்டரானார். கிறிஸ்தவரும் யூதரும் அல்லாத ஒருவரை ஆங்கிலப் பாரிஸ்டர் கூட்டம் சேர்த்துக்கொண்டது அதுவே முதற்றடவை. சமயம் மாறினாலன்றி மேற்படி ஏற முடியாது என்று பலர் எண்ணியிருந்த நாளிலே, ஒரு சைவர் சைவராகவே போய் அந்தக் கதவைத் திறந்தார். மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்து, காலைச் செபத்துக்கு எழுந்து நின்று, மாலையிற் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிய நம் போன்றோருக்கு இச்செய்தி சிறிதன்று.

அருணாசலம் கற்றது கொழும்பு அக்கடமியில். பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. ஆங்கிலப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்பும் அரசாங்கப் புலமைப்பரிசில் முதன்முதலாக 1870இல் வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் அவர். கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்து இலக்கியமும் கணிதமும் பயின்றார். கூடவே சட்டமும் பயின்று பாரிஸ்டரானார். சட்டத்திலேதான் அவருக்கு மனம். கொழும்புக்கு வந்து அப்புக்காத்துத் தொழில் நடத்த வேண்டும், பாட்டனாரைப் போலச் சட்டநிரூபண சபைக்கும் ஒருநாள் போகவேண்டும் என்ற ஆசை இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. மாமனார் முத்துக் குமாரசுவாமி வேறு வழி காட்டினார்: சிவில் சேவைக்குப் போ என்றார்.

சிவில் சேவை என்பது அந்நாளிலே வெள்ளையரின் கோட்டை. போட்டிப் பரீட்சை என்று ஒன்று இருந்தது. ஆனால் அதனை எழுதி அந்த வழியாக உள்ளே போன இலங்கையர் ஒருவரும் இருக்கவில்லை. 1875இல் அருணாசலம் அப்பரீட்சையிலே தேறினார். அவ்வழியில் நுழைந்த முதலாவது இலங்கையர் அவரே. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு நிரம்பவில்லை. இப் பத்திகளை எழுதும் நமக்கும் ஏறக்குறைய அதே வயது என்பதை நினைக்கையில் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெற்றியென்று ஊர் கொண்டாடியது. அதன் விலையை அவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொடுத்தார். அரசாங்க உத்தியோகத்தன் பொது மேடையில் அரசியல் பேசலாகாது. அண்ணன் இராமநாதன் 1879இல், மாமனார் மறைந்தபின், இருபத்தெட்டு வயதிலே சட்டநிரூபண சபையில் அமர்ந்து தேசாதிபதியையே கேள்வி கேட்டபோது, தம்பி கோட்டிலே வழக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடு எப்படியிருந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்வோம். வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்குப் போய் வழக்குப் பேசும் இன்றைய சட்டத்தரணிக்கு இது புதிதாக இராது. மற்றையோர் அறிய வேண்டியது.

இந்நாட்டிலே ஒரே சட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோம ஒல்லாந்தச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அப்படியே நிலைநிறுத்தினர். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை. அது 1707இல் ஒல்லாந்த உத்தியோகத்தர் கிளாஸ் ஐசாக்சன் என்பவராற் றொகுக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு 1806இல் ஏற்கப்பட்ட தனிச் சட்டக்கோவை. மலைநாட்டுச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். வணிகத்துக்கும் குற்றத்துக்கும் ஆங்கிலச் சட்டம் கொஞ்சங் கொஞ்சமாக உட்புகுந்தது. ஒரு சீதனக் காணியைப் பற்றிய வழக்கிலே கணவன் வடக்கு, மனைவி கொழும்பு, காணி சிலாபம் என்று வந்துவிட்டால் எந்தச் சட்டத்தைத் தொடுவது? ஒரு தென்னந்தோட்டத்தைப் பாட்டன் பிள்ளைகளுக்கு விட, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்கு விட, அறுபத்துநாலில் ஒரு பங்கு என்று உறுதி எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தப் பங்கிலே எத்தனை தேங்காய் விழும் என்று எண்ணிப் பார்த்தால் வழக்குச் செலவுக்கே போதாது. ஆயினும் வழக்கு நடக்கும். தலைமுறை தலைமுறையாக நடக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக மொழி. வழக்காளி பேசுவது சிங்களம் அல்லது தமிழ். நீதிபதி கேட்பது ஆங்கிலம். இடையிலே துவிபாஷக முதலியார் நிற்பார். ஏழையின் உயிர் துடிக்கும் வார்த்தை அவர் வாயிலே போய், வரண்ட இரண்டு ஆங்கில வசனமாக வெளியே வரும். தீர்ப்பும் ஆங்கிலத்திலே எழுதப்படும். வென்றவனுக்குத் தான் வென்றேன் என்பதையும், தோற்றவனுக்குத் தான் தோற்றேன் என்பதையும் வேறொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். தமிழறிந்தவரும் இந்நாட்டிலே வளர்ந்தவருமான ஒரு நீதவான் அந்த இருக்கையில் இருப்பது எவ்வளவு வேற்றுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்திலே, கோட்டிலும் கல்வியிலும் சுதேச மொழிகளுக்கு இடம் வேண்டும் என்று ஆங்கிலத்திலே பேரறிஞரான இவர் வாதாடினார் என்று படிக்கையில், அது நூலறிவினால் வந்த கொள்கை அன்று என்பதை நாம் உணர வேண்டும்.

அருணாசலம் பொலிஸ் நீதவானாகவும், சிறு வழக்குக் கோட்டு ஆணையாளராகவும், மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களிலே கடமை பார்த்தார். பிரதம நீதியரசராயிருந்த சேர் ஜோன் பட் பியர் அவருடைய நீதித் திறமையை உயர்வாக மதித்தார். சிவில் சேவையைச் சேர்ந்த நீதிபதிகளிற் பலர் சட்டம் படியாதவர்கள். கச்சேரியில் இன்று வரிக் கணக்கு, நாளை கோட்டிலே தீர்ப்பு என்று மாறி மாறிப் போனவர்கள். அவர்களிடையே சட்டம் முறையாகக் கற்ற ஒருவர் எடுபட்டுத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

இனி, பொலிஸ் கோட்டிலே விசாரிக்கப்பட்ட ஒருவகை வழக்கைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று. எசமான் வேலையாள் ஒப்பந்தத்தைப் பற்றியது. மேற்பார்வைக்குச் சாதாரணமானது. ஆனால் வேலையாள் முன்னறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுப் போனால், அது கடன் முறிப்புப் போன்ற சிவில் விவகாரம் அன்று, குற்றம். வேலைக்கு வரவில்லையா, குற்றம். எதிர்த்துப் பேசினானா, குற்றம். மூன்று மாதம் வரை மறியலில் இடலாம். தண்டிப்பவர் நீதவான். மலைநாட்டுத் தோட்டங்களிலே கோப்பி வளர்த்தவரும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வளர்த்தவருமான நம் தமிழ்த் தொழிலாளர், ஆணும் பெண்ணுமாக, இச்சட்டத்தின் பிடியில் இருந்தனர். தோட்டத்துத் துரையின் முறைப்பாடு ஒரு பக்கம். எழுத்தறியாத கூலியின் மௌனம் மறுபக்கம்.

இதனோடு "துண்டு" என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழிலாளி தமிழகத்திலிருந்து வரும்போதே வழிச்செலவு, முற்பணம் என்று கங்காணியிடம் கடன்பட்டு வருவான். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இவன் கடன் இவ்வளவு, இதைக் கொடுத்தால் இவனை விடுவோம் என்று தோட்டத்தார் எழுதித் தரும் கடதாசி வேண்டும். அதுவே துண்டு. அது இல்லாமற் போனவன் ஓடிப்போனவன். ஓடிப்போனவனுக்கு மேற்சொன்ன சட்டம் காத்திருக்கும். கடதாசித் துண்டொன்று மனிதனைக் கட்டி வைத்த கதை இது.

1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன், பதவி மூப்புள்ள பலரைத் தாண்டி, அருணாசலத்தைப் பதிவாளர் நாயகத்தின் கடமைக்கு நியமித்தார். வெள்ளை உத்தியோகத்தர் முணுமுணுத்தனர் என்பர், முணுமுணுக்காதிருந்தாற்றான் அதிசயம். காணியுறுதிகளையும் பிறப்பு இறப்பு விவாகங்களையும் பதியும் அத்திணைக்களம் அப்போது ஒழுங்கற்றுக் கிடந்தது. நீதிபதியாய் இருந்தவருக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். உறுதி சரியாகப் பதியப்படாவிட்டால் பத்து ஆண்டு கழித்து அது கோட்டிலே வழக்காக வந்து நிற்கும். பொய்யுறுதி ஒன்று ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் விடும். ஆகவே அவர் அட்டவணைகளைத் திருத்தினார், இலஞ்சத்துக்கு வழியான இடங்களை அடைத்தார், பிறப்பு இறப்புக் கணக்கைப் படிப்பார்க்குப் பயன்படும் விதமாக வெளியிட்டார். இன்றைக்கும் பாடசாலை அனுமதிக்கும் அடையாள அட்டைக்கும் நாம் கொண்டோடும் பிறப்பத்தாட்சிப் பத்திரம் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்திலிருந்தே வருகிறது. அதன் பின்னே இப்படி ஒருவர் இருந்தார் என்று வரிசையிலே நிற்கும் எவருக்கும் நினைவு வருவதில்லை.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பையும் அவரே நடத்தினார். 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்களை எண்ணிய காரியம் அது. அவ்வாண்டு ஆங்கிலேயர் தென்னாபிரிக்காவிலே பிடித்து அனுப்பிய போயர் யுத்தக் கைதிகள் ஐயாயிரம் பேரளவில் தியத்தலாவை முதலிய இடங்களிலே இருந்தனர், அவர்களும் எண்ணப்பட்டனர். அருணாசலம் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் கூட்டமன்று. இந்நாட்டு மக்களின் வரலாறு, சாதி, சமயம், மொழி, வழக்கம் யாவும் அதிலே இடம்பெற்றன. இலங்கையர் எவரெவர் என்பதை ஒரு இலங்கையரே எழுதிக் காட்டியது அது.

இத்தனையும் செய்தவருக்கு மாகாண அரசாங்க அதிபர் பதவி ஒருநாளும் கிட்டவில்லை. அது வெள்ளையருக்கென்றே இருந்த பதவி. பரீட்சையிலே கதவு திறந்தது. மேல்மாடிக்குப் படி வைக்கவில்லை.

1906இல் அவர் சட்டநிரூபண சபையிலே அமர்த்தப்பட்டார். பாட்டனாரும் மாமனாரும் அண்ணன்மாரும் இருந்த சபை. ஆனால் அவர்கள் மக்கள் பக்கத்திலே இருந்தனர். இவர் உத்தியோகப் பக்கத்தில். உத்தியோக அங்கத்தவர் அரசாங்கத்தோடு சேர்ந்தே வாக்களிக்க வேண்டும் என்பது விதி. 1911இன் இறுதியில் படித்த இலங்கையருக்கென ஏற்பட்ட ஒரே ஆசனத்துக்கு இராமநாதன் தேர்தலில் வென்றார். அடுத்த ஆண்டு, 1912இல், அருணாசலம் நிர்வாக சபைக்கு நியமிக்கப்பட்டார். அண்ணன் கேட்க வேண்டியவர், தம்பி கேட்கப்பட வேண்டியவர் என்ற நிலை. அக்காலத்திலே அவர் தம் ஓய்வு நேரத்தை எதற்குக் கொடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இலங்கையின் சிவில் சட்டத்தைத் திரட்டி ஒழுங்குபடுத்திய நூலின் முதற்பாகத்தை 1910இல் இலண்டனிலே வெளியிட்டார். நாம் மேலே சொன்ன அந்தச் சட்டக் காட்டிலே பாதை வெட்டும் முயற்சி. 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடக்கி, இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டார். 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பிலே திறக்கப்பட்டது. அதன் வழிவந்த விரிவுரை மண்டபங்களிலே அமர்ந்து படிக்கும் நம் போன்ற மாணவர் அவருக்குப் பட்ட கடன் பெரிது.

கேம்பிரிட்ஜ் நண்பரான ஆங்கில எழுத்தாளர் எட்வேட் காப்பென்டர் 1890இல் இங்கு வந்தபோது, அருணாசலம் அவரைத் தம் ஞானகுரு இராமசுவாமி என்பாரிடம் அழைத்துச் சென்றார். காப்பென்டர் 1892இல் வெளியிட்ட பயண நூலிலே அந்தச் சந்திப்பைப் பற்றி விரிவாக எழுதினார். பகலிலே கோடும் கச்சேரியும், இரவிலே திருவாசகமும் ஞானவாசிட்டமும் என்று வாழ்ந்தவர் இவர். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். இங்கே தொட்டுவிட்டு மேலே போவோம்.

1913இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் வந்தது. பிறர் சாய்வு நாற்காலி தேடும் வயதிலே இவருடைய நாவுக்கு விடுதலை கிடைத்தது. 1915இற் சமூக சேவைச் சங்கத்தைத் தொடக்கினார். அதே ஆண்டிலே சிங்கள முஸ்லிம் கலகமும், அதைத் தொடர்ந்த இராணுவச் சட்டத்தின் கொடுமைகளும் வந்தன. விசாரணையின்றிச் சுட்டதும் சிறையிட்டதும், நீதியைத் தொழிலாகக் கொண்டிருந்தவரை எப்படி உறுத்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆந் திகதி, நமது அரசியற் றேவைகள் என்னும் பொருள்பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு இலங்கைச் சுதந்திர வரலாற்றிலே ஓர் எல்லைக்கல். அவ்வாண்டே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் பிறந்தது. 1919ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூடியபோது, சிங்களவரும் தமிழரும் ஒருமனதாக அவரை முதற் றலைவராக அமர்த்தினர்.

காங்கிரசைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது, அதே 1919இல் அவர் தொடக்கிய இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம். செயலாளர் மலைநாட்டுத் தமிழரான பெரி சுந்தரம்; பிற்காலத்திலே, 1931இல், தொழில் மந்திரியானவர். அச்சங்கம் கேட்டவற்றுள் முதன்மையானது எது? வேலையை விட்டுப் போனவனை மறியலில் இடும் அந்தச் சட்டப் பிரிவுகள் நீங்கவேண்டும் என்பது. கோட்டிலே இருந்து அச்சட்டம் மக்களை என்ன செய்கிறது என்று பார்த்தவர், நாற்பது ஆண்டு கழித்து அதன்மேல் வழக்காடினார். வாக்கில்லாத, பணமில்லாத, மேடைக்கு வந்து கைதட்டக்கூட இயலாத மக்களுக்காக வாதாடியதால் அவருக்கு அரசியலிலே ஒரு சதமும் இலாபமில்லை. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. தொழிலாளரைக் குற்றவாளியாக்கிய தண்டனைப் பிரிவுகளும் அதே காலத்தில் நீக்கப்பட்டன. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் அதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. எனினும் இலங்கையருள்ளே அக்குரலை எழுப்பியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கோர். அவர்களுள் தலையாயவர் அருணாசலம். அவருடைய வாழ்விலே நமக்கு மிக உயர்ந்ததாகப் படுவது காங்கிரசின் தலைமையன்று, இதுவே.

நிற்க. கொழும்புத் தமிழராகிய நம்மை நேரே தொடும் ஒரு விஷயத்துக்கு வருவோம். காங்கிரஸ் பிறக்கு முன், யாழ்ப்பாணத்தார் அதிலே சேரத் தயங்கினர். அருணாசலமோ இனவாரியாக ஆசனம் பங்கிடும் பழைய முறை போய்ப் பிரதேசவாரித் தேர்தல் வரவேண்டும் என்று வாதாடியவர். யாழ்ப்பாணச் சங்கத்துத் தலைவர் ஏ. சபாபதி முதலியோரின் ஐயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1918 டிசெம்பரிலே ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம என்னும் இரு சிங்களத் தலைவர்கள் எழுத்திலே ஓர் உறுதி கொடுத்தனர்: மேல் மாகாணத்திலே தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்போம் என்று. அந்த எழுத்தை நம்பி அருணாசலம் யாழ்ப்பாணத்தாரை இணங்கச் செய்தார். தம் வாயால் அதற்குப் பிணை நின்றார் எனலாம்.

1921இலே புதிய சபைக்குத் தேர்தல் வந்தது. கொழும்பு நகரத் தொகுதியிலே அருணாசலம் நிற்க எண்ணியிருந்தார். அங்கே நின்றவர் ஜேம்ஸ் பீரிஸ். மேல் மாகாணத் தமிழர் ஆசனத்தைப் பற்றிய உறுதியும் காங்கிரசார் கையிலே உறுதியாக நிற்கவில்லை. பிரதேசவாரித் தேர்தல் என்ற கொள்கைக்கு இனவாரி ஆசனம் மாறானது என்பது எதிர்ப்பக்கத்தார் வாதம். அவ்வாதத்திலே நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம்; அக்கொள்கையை வேறெவரையும்விட உரக்கச் சொன்னவர் அருணாசலமே. ஆனால் உறுதி கொடுக்கும்போதும் அக்கொள்கை அப்படியேதான் இருந்தது. யாழ்ப்பாணத்தார் கை தேவைப்பட்டபோது எழுதிய எழுத்து, தேவை தீர்ந்தபின் வேறு பொருள் கொள்ளலாகாது. வாழ்நாளெல்லாம் உறுதி, பதிவு, கையெழுத்து என்பவற்றின் பெறுமதியைத் தீர்த்து வந்த ஒருவர் இதை எவ்வாறு தாங்குவார்? தாம் தொட்டிலிட்டு வளர்த்த காங்கிரசைவிட்டு அவர் வெளியேறினார்.

இதைச் சொந்த ஏமாற்றத்தின் கோபம் என்று எழுதியவர்களும் உளர். தொகுதி கிடைக்காத கசப்பு இருந்திருக்கலாம், மனிதர்தாமே. ஆயினும் அவர் பின்பு செய்ததைப் பார்க்க வேண்டும். 1923இலே இலங்கைத் தமிழ் மக்கட் சங்கத்தைத் தொடக்கியபோது, அரசியல் நெருக்கடியே அதைப் பிறப்பித்ததெனினும் அதன் நோக்கம் அரசியலோடு முடிவதன்று என்று விளக்கினார். தமிழர் தம் மொழியையும் பண்பாட்டையும் பேணி வளர்ப்பதைப் பற்றியே அதிகம் பேசினார். பிற சமூகத்தார்மேல் வசை பொழியவில்லை. சிங்களவரும் தமிழரும் ஒரே மேடையிலே நின்ற அந்த இரண்டு ஆண்டுகள் எவ்வளவு அரியவை என்பதை அவருக்குப் பின் வந்த தலைமுறைகள், மிகக் கொடிய விலை கொடுத்து, அறிந்தன. அக்கால வரலாற்றை வாசிக்கும்போது, ஒரு மாகாணத்திலே ஒரே ஒரு ஆசனம் தானே என்று தோன்றும். ஆசனம் சிறிது. முறிந்தது ஆசனமன்று.

அச்சங்கம் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அவர் தென்னாட்டுத் திருத்தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டார். 1924ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆந் திகதி மதுரை மாநகரிலே தேக வியோகமானார். வயது எழுபது. கொழும்புக் கோட்டையிலே, பழைய பாராளுமன்ற மண்டபத்தருகே, பொதுமக்கள் பணத்தால் அவருக்குச் சிலை எழுப்பி 1930இலே திறந்தனர். சமயமும் தத்துவமும் பற்றிய அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் 1937இலே நூலாக வந்தன. நூலகத்திலே கிடைத்தால் இளைஞர்கள் எடுத்துப் பார்க்கலாம்; ஆங்கிலம் எளிமையானது, பொருள் நம்முடையது.

அவர் மறைந்த அதே 1924இலே சட்டநிரூபண சபை மறுபடி திருத்தியமைக்கப்பட்டது. அதிலே மேல் மாகாணத் தமிழருக்கென ஓர் ஆசனம் வைக்கப்பட்டிருந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாக்குரிமை பெற்றிருந்த தமிழர் அவ்வாண்டு அதற்கு வாக்களித்தனர்.